தெரியாது / சொல்ல விருப்பமில்லை

நவம்பரில் சிலேசியாவுக்கு நாலு மணிக்கே ராத்திரி.
புகையேறிக் கறுத்த செங்கல் வரிசைவீடுகள்,
சன்னல் சட்டங்களுக்கு மட்டும் ரத்தச் சிவப்பு.
பதினேழாம் எண் வாசலில்
தேவைக்கு அதிகமாகவே காலைத் துடைத்தேன்.
கழுத்தில் பல்கலைக்கழக அட்டை,
கையில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
என் ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்.

எல்ஃப்ரிதா ஷோல்திசெக். ஐம்பத்து மூன்று வயது.
எங்கள் மாணவர் விடுதியில் சலவை வேலை.
"எட்டாவது ஆள் நீ" என்றாள்
நாற்காலியிலிருந்து பூனையைத் தள்ளிவிட்டு.

முதலில் வந்தவர்கள் அவள் அப்பாவை
உழைக்கும் வர்க்கம் என்று எழுதிக்கொண்டு போனார்களாம்.
அன்றைக்கு அவர் குளித்திருக்கவில்லை என்பதில்
அவர்களுக்கு ஒரே சந்தோஷமாம்.
ஆட்சி மாறி வந்தவர்களுக்கு அவர் மனிதவளம்,
அதற்குள் அவருக்கு வேலை போயிருந்தது.
பிரஸ்ஸல்ஸ் பணத்தில் வந்தவர்கள்
இவளைப் பங்குதாரர் என்றார்கள்.
"எந்தப் பங்கு? அலமாரிக்குப் பின்னால்கூடத்
தேடிப் பார்த்துவிட்டேன்."

ஏழாம் கேள்வி, நாட்டினம்.
போலந்து. ஜெர்மன். மற்றவை.
"சிலேசியா."
"மற்றவையில்தான் எழுதணும்."
"கட்டம் சின்னதாக இருக்கிறதே,
போன தடவையும் பாதியில் நின்றது."
எழுத்தைப் பொடிப்பொடியாக்கி நுழைத்தேன்.

மக்களிடம் போங்கள் என்றார் எங்கள் துணைவேந்தர்,
நிலக்கரிக் கம்பெனியின் பெயர் தாங்கிய அரங்கில் நின்று.
ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும்
எங்கள் அறைக்கதவில் பலகை மாறும்,
மரபு மையம், மாற்ற மையம்,
இப்போது உரையாடல் மையம்.
திருகாணித் துளைகள் மட்டும் பழையவையே.
குறுக்கெழுத்துப் புதிர் போடும் காவலாளிதான்
ஒவ்வொரு தடவையும் அதை மாட்டுவார்,
எழுத்துப்பிழை பார்த்துவிட்டு.

ஆறு வருஷமாக இவள் கூரையில்,
புறாக்கூண்டுக்குப் பக்கத்தில்,
தூசி அளக்கும் எங்கள் பெட்டி ஒன்று
உறுமிக்கொண்டிருக்கிறது.
மின்கம்பி இவள் சமையலறை வழியாகப் போகிறது.
அது அளந்த எண் எனக்குத் தெரியும்.
எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்,
காப்பி எந்திரத்துக்கு முன்னால் மட்டும்
யாரும் அதைச் சொல்வதில்லை.
அறிக்கை சரிபார்ப்பில் இருக்கிறது.
வாயைத் திறப்பதில்லை என்று
நான் நீல மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாற்பத்திரண்டும் முடிந்தது.
பேனாவை மூடினேன்.
எல்ஃப்ரிதா மேசை இழுப்பறையிலிருந்து
கட்டம்போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள்.
"இனி என் முறை. பெயர்?"
"யோவிதா."
"முழுசாகச் சொல். இடம் நிறைய விட்டிருக்கிறேன்."

ஒன்று, கூரைப் பெட்டிக்கு மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள்?
நீங்கள் என்றேன்.
இரண்டு, இதே தெருவில் நீ குடியிருப்பாயா?
கொஞ்சம் யோசித்துவிட்டு
வாடகையைப் பொறுத்தது என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள், திருத்தவில்லை.
மூன்று, பெட்டி சொன்ன எண் என்ன?

கொடியில் காய்ந்த போர்வை உறைகள்.
அடுப்பில் பீட்ரூட் சூப் கொதிக்கத் தொடங்கியிருந்தது.
தலைக்கு மேலே ஏதோ ஒரு புறா
கூண்டுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது.

"தெரியாது" என்றேன்.

எங்கள் படிவத்தில்
தெரியாது, சொல்ல விருப்பமில்லை
இரண்டுக்கும் ஒரே கட்டம், எண் தொண்ணூற்றொன்பது.
கூட்டிக் கழிக்க அதுதான் வசதி என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
நானும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எல்ஃப்ரிதா அளவுகோல் வைத்து
இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தாள்.
பென்சில் முனை முதல் கட்டத்தின் மேல்
சற்று நின்றது, எனக்காக என்று தோன்றியது.
பிறகு நகர்ந்து
இரண்டாவதில் ஒரு டிக் அடித்தது.

"கை நனைத்துவிட்டுப் போ" என்றாள்,
நோட்டை மூடாமலே
மேசையில் இன்னொரு தட்டை வைத்து.